மாமி கொண்டு வந்த சொட்டு மருந்தும் மாறாத கண் சிவப்பும்

கேள்வி: எனக்கு வயது 34. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. நாள் முழுக்கக் கம்பியூட்டர், தலைக்கு நேரே ஏசி. பின்னேரம் வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போது இரண்டு கண்ணும் கோவைப்பழமாய்ச் சிவந்திருக்கும். கனடாவில் இருந்து வந்த மாமி ஒரு சொட்டு மருந்து தந்தார். போட்டு ஒரு நிமிடத்தில் கண் வெள்ளையாகிவிடும். முதலில் காலையில் மட்டும் போட்டேன். மூன்று மாதமாகிறது. இப்போது ஐந்தாறு தடவை போட்டும், விடிய எழும்பும்போது முன்பைவிட மோசமாகச் சிவந்திருக்கிறது. இடைக்கிடை கொன்டக்ட் லென்ஸும் போடுவேன். கண் பிரஷருக்கு மருந்து போடும் அம்மாவும் இதைக் கேட்கிறார், கொடுக்கலாமா? இதைவிட நல்ல சொட்டு மருந்து ஏதும் இருக்கிறதா? அடுத்த மாதம் தங்கச்சியின் கல்யாணம். போத்தல் எப்போதும் கைப்பையில்தான் கிடக்கும், இரண்டு வயது மகன் அதை எடுத்து விளையாடுவான்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் என்னைத் திடுக்கிட வைத்தது. இதை வாசித்து முடிக்கும் முன்பே எழுந்து போய் அந்தப் போத்தலை மகனுக்கு எட்டாத, பூட்டக்கூடிய அலுமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். கண்ணுக்குள் விடும் மருந்துதானே, குடித்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கண் சிவப்பை எடுக்கும் இந்த வகை மருந்தில் ஒன்றிரண்டு மில்லிலீற்றர் வயிற்றுக்குள் போனாலே சின்னப் பிள்ளைக்கு நாடித்துடிப்பும் மூச்சும் மெதுவாகி, மயக்கமாகிவிடலாம். ஐந்து வயதும் அதற்குக் கீழேயுமுள்ள பிள்ளைகள் கண் சொட்டையும், இதே மருந்துகள் உள்ள மூக்கு ஸ்பிரேயையும் தவறுதலாகக் குடித்த 96 சம்பவங்களைக் குறிப்பிட்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012இல் ஓர் எச்சரிக்கையே விட்டது. எப்போதாவது அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், தூங்கட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், அல்லது பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போத்தலோடு ஓடுங்கள்.

அடுத்தது அம்மா. கொடுக்காதீர்கள். கண் பிரஷரில் ஒரு வகை இருக்கிறது, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் மூலை ஒடுங்கிப்போய் இருப்பது. இந்தச் சொட்டு கண்மணியைக் கொஞ்சம் விரிக்கும். மூலை ஒடுங்கிய கண்ணில் அந்தக் கொஞ்ச விரிவே நீர் போகும் வழியை அடைத்து, சில மணித்தியாலத்தில் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். தாங்க முடியாத கண்வலி, தலையிடி, வாந்தி, பார்வை மங்கல் என்று அது ஓர் அவசர நிலையாகவே வந்து நிற்கும். அம்மாவுக்கு எந்த வகை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் கண் டொக்டருக்குத்தான் தெரியும். இரத்த அழுத்தம், இருதய நோய், தைரொயிட், நீரிழிவு உள்ளவர்களும் சில மனச்சோர்வு மாத்திரைகள் எடுப்பவர்களும் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

இனி உங்கள் கண்ணுக்கு வருவோம். கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு மேலே மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. அதில் முடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தூசு, புகை, வறட்சி, அலர்ஜி என்று எது பட்டாலும் அவை விரியும். அதைத்தான் நாம் சிவப்பாகப் பார்க்கிறோம். மாமி தந்த போத்தலின் லேபலைப் பாருங்கள். டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின், ஒக்சிமெட்டசோலின், ஃபெனிலெப்ரின் என்ற பெயர்களில் ஒன்று அநேகமாக இருக்கும். எல்லாம் செய்வது ஒரே வேலை, விரிந்த குழாய்களைப் பிடித்துச் சுருக்குவது. அதனால்தான் ஒரு நிமிடத்தில் கண் வெளுக்கிறது. கண் ஏன் சிவந்தது என்ற காரணத்தை அந்த மருந்து தொடுவதே இல்லை.

சில மணித்தியாலத்தில் மருந்தின் பிடி விட்டுப்போகும். அப்போது அந்தக் குழாய்கள் பழைய அளவுக்கு வந்து நிற்பதில்லை, இன்னும் கூடுதலாக விரிகின்றன. பயந்துபோய் இன்னொரு சொட்டு போடுகிறோம். நாள் போகப் போகக் குழாய்களும் மருந்துக்குப் பழகிவிட, ஒரு சொட்டு வேலை செய்த இடத்தில் மூன்று தேவைப்படுகிறது. விடிய எழும்பும்போது உங்கள் கண் ஏன் அவ்வளவு சிவந்திருக்கிறது? இரவு முழுக்க மருந்து இல்லாமல் இருந்ததால்தான். இன்று உங்கள் கண்ணில் இருக்கும் சிவப்பில் பெரும் பங்கு புறக்கோட்டைத் தூசியும் இல்லை, ஏசியும் இல்லை, இந்தச் சொட்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லேபலின் சின்ன எழுத்தைத் தேடி வாசியுங்கள்: நாளுக்கு நான்கு தடவைதான் உச்சம், 72 மணித்தியாலம் கடந்தும் சிவப்பு மாறாவிட்டால் மருந்தை நிறுத்தி டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று இருக்கும். மூன்று நாள் மருந்தை நீங்கள் மூன்று மாதம் போட்டிருக்கிறீர்கள்.

ஆகவே இன்றோடு நிறுத்துங்கள். முதல் சில நாட்கள் கண் இன்னும் மோசமாகச் சிவக்கும். தெரிந்தவர்கள் எல்லாம் "என்ன, கண் நோயா?" என்று கேட்பார்கள். அந்த நாட்களைத் தாண்டுவதுதான் கஷ்டம், அப்போதுதான் பலர் திரும்பவும் போத்தலை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். சிலருக்குச் சில நாட்களிலும், சிலருக்குச் சில கிழமைகளிலும் அடங்கும். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் ஆறுதலாக இருக்கும். அதுவரை கொன்டக்ட் லென்ஸ் அறவே வேண்டாம், கண்ணாடி போடுங்கள். இப்படியான சொட்டுகள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பதன மருந்து மென்மையான லென்ஸுக்குள் ஊறி, நாள் முழுக்கக் கண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். பின்னாளில் எந்தச் சொட்டு போட்டாலும் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டு, குறைந்தது 15 நிமிடம் கழித்தே திரும்ப மாட்டுங்கள்.

"வேறு நல்ல சொட்டு" கேட்டிருந்தீர்கள். உங்கள் கதையைப் பார்த்தால் ஆரம்பத்தில் இருந்தது வறட்சி என்றே நினைக்கிறேன். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அதோடு ஏசிக் காற்று நேரே முகத்தில் அடித்தால் கண்ணீர்ப் படலம் எப்படி நிற்கும்? ஏசியின் வாயைத் திருப்பிவிடச் சொல்லிக் கேளுங்கள், அல்லது கதிரையை நகர்த்துங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 செக்கன் பார்த்து, நன்றாகக் கண்ணை மூடி மூடித் திறவுங்கள். பார்மசியில் செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கள். கார்பொக்சிமெதில்செலுலோஸ் அல்லது ஹைப்ரொமெல்லோஸ் உள்ளது போதும், அது குழாய்களைச் சுருக்காது. நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதன மருந்து சேர்க்காத சின்னக் குப்பிகளாக வாங்குங்கள். சிவப்பைவிட அரிப்புத்தான் பெரிதாக இருந்தால் அது அலர்ஜி, அதற்கு மருந்து வேறு. அலர்ஜிச் சொட்டுகள் சிலவற்றில் நாஃபசோலினும் கலந்திருக்கும், ஆகவே அங்கேயும் லேபலைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் யாருக்கோ கண்ணில் வெள்ளை (கண்புரை) எடுத்தபோது தந்து மிஞ்சிய சொட்டு பிரிட்ஜில் இருக்கும், அதைப் போட வேண்டாம். டெக்சாமெதசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்து அதில் இருக்கக்கூடும். சிவப்பை அழகாக எடுத்துவிடும், மேற்பார்வை இல்லாமல் நாட்கணக்கில் போட்டால் சத்தமில்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றும். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியையே கெடுத்துவிடும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், பன்னீர் எதுவும் வேண்டாம். அவற்றில் கிருமி இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

செயற்கைக் கண்ணீர் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் சின்னப் பை போல ஓர் இடம் வரும். மேலே பார்த்தபடி அதற்குள் ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று. கண் ஒரு முழுச் சொட்டையே பிடிக்காது, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். போத்தலின் முனை இமையிலோ மயிரிலோ படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரமாக உள்ள கண் மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வேறு மருந்தும் போடுவதானால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். லேபலில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், திறந்த போத்தலுக்கு நான்கு கிழமைதான் ஆயுள். மாமியின் போத்தல் அதை எப்போதோ தாண்டிவிட்டது. அதுவும் கொழும்பு வெக்கையில் கைப்பைக்குள் கிடந்த மருந்து.

தங்கச்சியின் கல்யாணத்துக்குள் கண் அடங்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்குள் போகாத ஒருவர், படம் எடுக்கும் நாளில் ஒரு சொட்டு போடலாமா என்று கேட்டால் அவரைத் தடுக்க மாட்டேன். உங்களுக்கு இந்த முறை அது வேண்டாம். இப்போதுதான் குழாய்கள் ஆறத் தொடங்கியிருக்கும்.

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பு இமையின் உட்பக்கத்திலும் கண்ணின் ஓரங்களிலும் கூடுதலாக இருந்தால் அநேகமாக மேலோட்டமான எரிச்சல். கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்திருந்தால் கோளாறு உள்ளே இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், விளக்கைச் சுற்றி வண்ண வட்டம், சீழ், அடிபட்ட கண், லென்ஸ் போடுபவருக்கு வலியோடு வரும் சிவப்பு, இதில் ஒன்று இருந்தாலும் சொட்டு போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காமல் லிப்டன் சந்திப் பக்கம் உள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். இரசாயனம் ஏதும் பட்டால் முதலில் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் ஓட்டோ பிடிக்க வேண்டும்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று மாதம் போட்டிருப்பதால் ஒரு தடவை கண் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். இரண்டு கிழமைக்குள் போங்கள். மாமியின் போத்தலையும் கையில் கொண்டு போங்கள், "ஏதோ கண் சொட்டு" என்று சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது. அன்று காலையில் செயற்கைக் கண்ணீர்கூடப் போடாமல் போனால் கண் உள்ளபடி தெரியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதானால், அவர் தன் கண் பிரஷர் மருந்தை மட்டும் வழக்கம்போலப் போட்டுவிட்டே வரட்டும்.