நுகர்வோர் கேள்வி-பதில்: கட்டைவிரல் கனக் கன்றில் கருங்காலி ஏது?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஊன்றி நடக்கத் தடி கேட்டபோது, திருவிழாக் கடையில் ‘ஒரே கன்றில் செய்த கருங்காலித் தடி’ என்று சொல்லி 2,400 ரூபாய்க்கு ஒன்றைக் கொடுத்தார்கள். மழையில் நனைந்த அன்று அப்பாவின் உள்ளங்கை முழுக்கக் கருப்பு. கேட்டால் ‘மரத்தின் பால்’ என்கிறார் கடைக்காரர். பில் இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: பால் அல்ல அம்மா, சாயம். உங்கள் மேல் இதில் ஒரு தவறும் இல்லை. அப்பாவுக்கு நல்லதாக வேண்டும் என்று கேட்ட விலையைக் கொடுத்திருக்கிறீர்கள், அந்த அக்கறையைத்தான் அவர் காசாக்கியிருக்கிறார்.

கருங்காலியின் கருப்பு நடுக்கட்டையில் மட்டும்தான் இருக்கும். தச்சர்கள் ‘வைரம் பாய்ந்தது’ என்பது அந்தப் பகுதியைத்தான். சுற்றியிருக்கும் வெளிமரம் வெளிறியிருக்கும். வைரம் ஏற மரம் முதிர வேண்டும். கட்டைவிரல் கனக் கன்றில் அது நடக்காது. உண்மையான கருங்காலித் தடி, முதிர்ந்த மரத்தை அறுத்து, சீவி, கடைந்து எடுத்தது. ‘ஒரே கன்று’ என்று அவர் சொன்னதே அவருக்கு எதிரான சாட்சி.

தடியின் அடியில் மாட்டிய பூணைக் கழற்றி வெட்டுமுகத்தை உப்புத்தாளால் தேயுங்கள். உள்ளே வெளுப்பாக இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பிறகு பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்ப எடுக்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சந்தனக் கன்றில் செய்த தடி, மணக்கிறது, 900 ரூபாய். வாங்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். சந்தன எண்ணெயும் வைரத்தில்தான் சேரும். கன்றில் மணந்தால் அது தடவிய எண்ணெய்.

கேள்வி: மலையூர்ச் சுற்றுலாவில் மயில் தலை செதுக்கிய தடி வாங்கினோம். மூன்று மாதத்தில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. அடியில் வெள்ளை மாவு கொட்டுகிறது. நாங்கள் சரியாகப் பராமரிக்கவில்லையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பராமரிப்பில் குறை இல்லை. உங்களுக்கு விற்றது காயாத பச்சைக் கம்பு. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறுவதே இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன வருடம் நானும் இப்படித்தான் ஒரு மலையூர்க் கடையில் கிளித்தலைத் தடி வாங்கினேன். 1,100 ரூபாய். பளபளவென்று வார்னிஷ். ஒரு கோடை இரவில் மூலையில் சாத்தியிருந்த தடி ‘டப்’ என்று சத்தம் போட்டது. காலையில் பார்த்தால் கிளியின் கழுத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. நான் வருந்துவேன் என்று அம்மா ஒன்றும் சொல்லாமல் அதையே ஊன்றி நடந்தார். பிளவு கடித்துப் பெருவிரல் ஓரத்தில் தோல் உரிந்திருந்ததை நான்கு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

வெட்டிய கம்பிலிருந்து ஈரம் வெட்டுமுகம் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை முதலில் சுருங்கும், நடுப்பகுதி சுருங்காது, அந்த இழுபறியில் வெடிக்கும். இதைத் தடுக்க, வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசி, பட்டையை உரிக்காமல், காற்றாடும் நிழலில் கிடத்த வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு. இங்கிலாந்தில் ஹேசல் என்ற மரத்தின் கம்பில் தடி செய்கிறவர்கள் இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டி, ஓர் ஆண்டோ அதற்கு மேலோ காத்திருக்கிறார்கள். நம் கடைக்காரருக்கு அடுத்த சீசன் வரை காக்கப் பொறுமை இல்லை. வார்னிஷ் அடித்து ஈரத்தை மூடி விற்கிறார்.

மாவு கொட்டுவது உளுவின் வேலை. அந்தப் புழு வெளிமரத்திலுள்ள மாவுச்சத்தைத் தின்னும். கன்றுக் கம்பு முழுக்க வெளிமரம்தான்.

அடுத்த முறை தடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமான மரம் சில்லென்று இருக்கும். அதே மரத்தில், அதே தடிமனுள்ள இன்னொரு தடியோடு எடையை ஒப்பிடுங்கள், ஈரமானது கூடுதல் எடை இருக்கும். குண்டூசித் துளை தெரிந்தால் தட்டிப் பாருங்கள், மாவு உதிரும். இப்போது பில்லைத் தேடி எடுங்கள். பில் தர மறுத்திருந்தால், அதுவும் முறையற்ற வணிகச் செயல் என்று புகாரில் எழுதுங்கள்.

கேள்வி: இணையத்தில் தடி வாங்கினேன். தோள் வரை வருகிறது. நீளம் பார்க்கவில்லை. பெட்டி, பில் எல்லாம் எறிந்துவிட்டேன். அறுத்துவிட்டேன், இப்போது குட்டையாகிவிட்டது. பணம் கிடைக்குமா?
– வாசகர், சென்னை

பதில்: கிடைக்காது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் நீளத்தைப் படிக்கவில்லை. படித்திருந்தால் போதும். அதை விட்டாலும், அறுக்கும் முன்பாவது அளந்திருக்கலாம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை இலேசாக மடங்க வேண்டும். குட்டைத் தடியை ஊன்றிக் கூனி நடக்காதீர்கள், வேறு வாங்குங்கள்.

கேள்வி: மூங்கில் தடியில் ஆழமாகப் பூ செதுக்கித் தருகிறார்கள். நல்லதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூங்கிலுக்கு வலு தோலருகே. பழந்தமிழில் இதைப் புறக்காழ் என்றார்கள். அங்கே வெட்டினால் வலுவையே வெட்டியதாகும். சூடு வைத்து வரைந்த ஓவியம் போதும். தடிக்குக் கல்மூங்கிலே நல்லது, அது ஏறக்குறைய கெட்டியாக இருக்கும்.

கேள்வி: கடைகளை நம்ப முடியவில்லை. தோட்டத்துக் கொய்யாவில் நேரான போத்து ஒன்று இருக்கிறது. தாத்தாவுக்கு நானே தடி செய்யலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். கல் எறியும் கவட்டைக்குக் கொய்யாவைத் தேடுவது அதன் உறுதிக்காகத்தான். சொந்தத் தோட்டத்துக் கிளை என்பதால் சிக்கலும் இல்லை. காப்புக்காட்டில் கன்று வெட்டினால் குற்றம். ஓர் அங்குலத்துக்குக் குறையாத கனத்தில், தேவைக்கு ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள். முனை வெடித்தால் அறுத்துத் தள்ள இடம் இருக்கும். காயும்போது வளையாமல் இருக்க நேரான சட்டத்தில் நான்கைந்து இடத்தில் கட்டுங்கள். அடுத்த வருடம் இதே மாதம் அவிழ்க்கலாம். கணுக்களை உளியால் அடித்துப் பெயர்க்காமல் அரத்தால் தேயுங்கள். பூவேலையைக் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாணோடு நிறுத்துங்கள். அடிக்கு ரப்பர் பூண் மருந்துக்கடையிலேயே கிடைக்கும், தடியின் சுற்றளவை நூலில் அளந்து எடுத்துப் போங்கள். அதுவரை தாத்தாவுக்கு அலுமினியத் தடி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.