மருமகன் கனடா குடிமகன், பேத்திக்கு பி.ஆர். போட வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். மருமகனுக்கு டொரண்டோவில் வேலை. 2016-லேயே கனடா சிட்டிசன் ஆகிவிட்டார். மகள் பிரசவத்துக்கு இங்கே வந்து, 2019-ல் கிருஷ்ணகிரியில் பேத்தி பிறந்தாள். மகளுக்கு இப்போதுதான் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) போட்டிருக்கிறார்கள். பேத்தியையும் தனியாக ஸ்பான்சர் செய்ய வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். அப்பா சிட்டிசன் என்றால் பிள்ளையும் சிட்டிசன்தான் என்கிறார் இன்னொருவர். எது சரி? அவளுடைய இந்தியக் குடியுரிமை போய்விடுமா? தோப்பை அவள் பேருக்கு எழுதி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

பதில்: ஐயா, இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. ஆனால் ஒரு தேதியைப் பார்த்த பிறகுதான் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

கனடா சட்டப்படி, குழந்தை பிறந்த அன்று அப்பாவோ அம்மாவோ கனடா குடிமகனாக இருந்தால், குழந்தை எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் பிறந்த நொடியிலேயே கனடா குடிமகள். யாரும் கொடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெற்றவரும் வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் குடியுரிமை பெற்றவர் என்றால்தான் சிக்கல். உங்கள் மருமகன் அங்கே போய்க் குடியேறி, உறுதிமொழி எடுத்துக் குடிமகன் ஆனவர். அப்படிப்பட்டவரின் பிள்ளை முதல் தலைமுறைக் கணக்கில் வரும். தடை எதுவும் இல்லை.

இப்போது அந்தத் தேதி. "2016-ல் சிட்டிசன் ஆகிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பி.ஆர். கார்டு வந்தாலே "சிட்டிசன் ஆயிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவோம். போன வருடம் பாலக்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அவர்கள் சொன்ன வருடம் பி.ஆர். கிடைத்த வருடம். உறுதிமொழி எடுத்தது குழந்தைக்கு இரண்டு வயது ஆன பிறகு. அந்தக் குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை கிடையாது. ஸ்பான்சர் செய்து, பி.ஆர். வாங்கி, அதன்பிறகு சிறார்களுக்கான குடியுரிமை விண்ணப்பம் போடுவதுதான் வழி. எனவே முதலில் மருமகனிடம் சொல்லி, குடியுரிமைச் சான்றிதழை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2016-ல் கொடுத்த சான்றிதழ் காகிதத்தில்தான் இருக்கும், குடியுரிமை எந்த நாளிலிருந்து என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கும். அந்த நாள் பேத்தியின் பிறந்தநாளுக்கு முந்தியது என்றால் மேலே படியுங்கள்.

அப்படியானால் ஏஜென்ட் சொல்லும் ஸ்பான்சர் வேலையே தப்பு. ஏற்கெனவே குடிமகளாக இருப்பவளுக்கு பி.ஆர். கொடுக்க அந்த நாட்டுக்கே வழியில்லை. விண்ணப்பம் திரும்பி வரும், ஒன்றரை லட்சம் திரும்பி வராது. பேத்திக்கு வேண்டியது குடியுரிமைக்கான ஆதாரச் சான்றிதழ் மட்டும்தான். இருக்கிற குடியுரிமையைக் காகிதத்தில் காட்டும் வேலை அது. படிவம் சிஐடி 0001, அரசுக் கட்டணம் 75 கனடா டாலர், நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாயைச் சுற்றி வரும். ஆன்லைனிலேயே அனுப்பலாம். மருமகனே பெற்றவர் என்ற முறையில் போடலாம், ஏஜென்ட் தேவையில்லை. கையில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், அதனால் டிக்கெட்டை முதலில் போட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மகளின் பி.ஆர். விண்ணப்பத்தில் குடும்ப உறுப்பினர் பட்டியலில் பேத்தியின் பெயர் இருக்க வேண்டும். "அவள்தான் சிட்டிசனாயிற்றே" என்று விட்டுவிடக் கூடாது. உடன் வராதவள், கனடா குடிமகள் என்று குறிப்பிட்டால் போதும். மகளுக்கு, கல்யாணம் ஆனதால் மட்டும் குடியுரிமை வராது, அவருக்கு பி.ஆர். வழிதான்.

சரி, ஆவணங்கள். சட்டம் சுலபம், பெயரில்தான் வண்டி நிற்கும். அப்பா இன்னார் என்று காட்டும் பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், அந்த அப்பா குடிமகன் என்று காட்டும் சான்றிதழ், இந்த இரண்டிலும் இருப்பது ஒரே ஆள் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். நம் ஊர் வழக்கம் என்ன? பிரசவ வார்டுக்கு வெளியே நின்ற பாட்டியிடமோ சித்தப்பாவிடமோ கேட்டு எழுதிக்கொள்வார்கள். "அப்பா பேரு?" "குமாருங்க." இனிஷியல் "பெ". முடிந்தது. அங்கே டொரண்டோவில் அதே மனிதர் 'பெருமாள் செல்வகுமார்' என்று, தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, குடிமகன் ஆகியிருப்பார். பெ.குமாரும் பெருமாள் செல்வகுமாரும் ஒருவர்தான் என்று ஒட்டாவாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு விளக்கக் கடிதமும் நோட்டரி அஃபிடவிட்டும் வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. என் கருத்து வேறு: பிறப்புச் சான்றிதழிலேயே திருத்திவிடுங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-ன் 15-ஆம் பிரிவு, தவறான பதிவைத் திருத்தும் அதிகாரத்தைப் பதிவாளருக்குக் கொடுக்கிறது. பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் போக வேண்டும். சான்றிதழின் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவரின் பதவியைப் பாருங்கள், எந்த அலுவலகம் என்று தெரிந்துவிடும். மருமகனின் பாஸ்போர்ட் நகல், திருமணப் பதிவுச் சான்று, பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ், இவற்றோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். பள்ளிச் சான்றிதழை முக்கியமாகச் சொல்கிறேன். அவர் வெளிநாடு போவதற்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. பேத்தியின் பெயர் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும் சான்றிதழோடு பள்ளியில் சேர்த்தவர்களே நிறையப் பேர்.

சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள், அவர் ஆங்கிலப் பேராசிரியராகவே இருந்தாலும்.

அப்புறம் போட்டோ. சிரிக்காதீர்கள், இதில்தான் அதிகம் திரும்பி வருகிறது. ரவுண்டானா பக்கம் எந்த ஸ்டுடியோவில் "கனடாவுக்கு" என்றாலும் விசா போட்டோ அளவில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். குடியுரிமை போட்டோ அளவு வேறு: அகலம் 50 மில்லிமீட்டர், உயரம் 70. முகவாயிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மில்லிமீட்டருக்குள் முகம் இருக்க வேண்டும். ஒரு படத்தின் பின்பக்கம் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஸ்டுடியோ பெயர், முழு முகவரி, எடுத்த தேதி எல்லாம் வேண்டும். ஸ்கேலை எடுத்துப் போங்கள். அங்கேயே அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கவலை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றவர்களில் ஒருவர் இந்தியக் குடிமகன், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் இல்லை என்றால் பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை உண்டு. உங்கள் மகள் இந்தியர். எனவே பேத்தி இந்தியாவுக்கும் பிள்ளை, கனடாவுக்கும் பிள்ளை. இரண்டும் அவள் கேட்டு வாங்கியவை இல்லை. கனடா ஆதாரச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதோடு நிற்கும்வரை பெரிய சிக்கல் எழாது. கனடா பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் முடிவு செய்தாக வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்குவதை, விரும்பி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதற்கான சாட்சியாகவே நம் விதிகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருக்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் ஏற்கெனவே எடுத்திருந்தால் சரண்டர் செய்து சான்று வாங்க வேண்டும். அதே நேரத்தில், கனடா குடிமகள் விமானத்தில் கனடா போக கனடா பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். அதனால் அவளை அங்கே அனுப்புவது என்று முடிவாகிவிட்டால், கனடா பாஸ்போர்ட் தவிர்க்க முடியாதது.

இங்கேயே எடுக்கும் கனடா பாஸ்போர்ட்டில் இந்திய விசா முத்திரை ஏதும் இருக்காது. அந்த வெறும் பாஸ்போர்ட்டோடு பெங்களூரு ஏர்போர்ட்டில் போய் நின்றால் இமிகிரேஷனில் நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வெளியேறும் அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு கொடுக்கும் அட்டை) போட்டால், பள்ளி விடுமுறைக்கு ஒவ்வொரு முறையும் விசா தேட வேண்டாம்.

தோப்புக்கு வருவோம். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் இங்கே வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. ஆகவே அவள் போன பிறகு தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்யலாம் என்று இருக்காதீர்கள். உயில் எழுதுங்கள். எழுதும்போது பேத்தியின் பெயர், கனடா சான்றிதழில் எப்படி வந்ததோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கட்டும்.