வதக்கிய மசாலா ஆப்பிள் ஏன் கூழாகிவிடுகிறது?

இலையுதிர் காலத்துக்கு ஏற்ற மாதிரி பட்டை, கிராம்பு போட்டு ஆப்பிளைச் சூடாக ஒரு சைட் டிஷ் செய்யப் பார்க்கிறேன், எப்போதும் கூழாகிவிடுகிறது, எனக்குக் கைப்பக்குவம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கைப்பக்குவத்தை விடுங்கள். என்ன ஆப்பிள் வாங்கினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் பாதிப் பேர் '4 ஆப்பிள்' என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு ஆத்திரமே அதில்தான். மெக்கின்டாஷ் வகை ஆப்பிள் சட்டியில் விழுந்த கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். பிராம்லி நல்ல புளிப்பு, ஆனாலும் கரையும், அதனால் புளிப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கிரானி ஸ்மித், பிங்க் லேடி, ஹனிகிரிஸ்ப் இவையெல்லாம் உருவம் குலையாமல் வேகும். பேரிக்காயும் சேர்ப்பதாக இருந்தால் பாஸ்க் வகை, அதுவும் முழுக்கப் பழுக்காமல் சற்றே கெட்டியாக இருக்கும்போது.

நான் செய்வது இப்படி. 4 ஆப்பிளைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்குவேன். அகலமான வாணலியில் 2 மேசைக்கரண்டி வெண்ணெய், அது நுரைத்து அடங்கியதும் 2 கிராம்பு, ஒரு துண்டு பட்டை, துருவிய இஞ்சி கொஞ்சம். மசாலாவின் வாசனை கொழுப்பில்தான் நன்றாக இறங்கும், அதனால்தான் முதலில் வெண்ணெய். பட்டைத் தூளாக இருந்தால் இந்த இடத்தில் போடாதீர்கள், நொடியில் கருகிக் கசந்துவிடும், கடைசியில் அரைத் தேக்கரண்டி போதும். அப்புறம் ஆப்பிளைப் பரப்பி, ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை கரண்டியே போடாமல் விட வேண்டும். மூடி போடவே கூடாது. ஆப்பிளில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், மூடினால் அந்த ஆவியிலேயே வெந்து குழையும். சர்க்கரையை முதலிலேயே போட்டாலும் இதே கதிதான், பழம் நீர் விட்டுவிடும், வதங்குவதற்கு வழியே இல்லை. பாதி வெந்த பிறகு ஒரு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சைச் சாறு. அடுப்பை அணைத்த பிறகு ஜாதிக்காயைத் துருவிப் போடுங்கள். முள்கரண்டியால் குத்தினால் ஓரம் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கிவிட்டால் மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும்.

ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போதுமா என்று யாராவது கேட்பீர்கள். போதும். இது இனிப்புப் பண்டம் இல்லை. ஒரு விருந்துக்கு இதைச் செய்துகொண்டிருந்தபோது என் நாத்தனார் பக்கத்தில் வந்து நின்று, "என்ன அண்ணி, இவ்வளவுதான் சர்க்கரையா?" என்று டப்பாவையே எடுத்துவிட்டாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அடுப்பில் வாட்டிய கோழியோடு தொட்டுச் சாப்பிடப் போகிறோம், புளிப்பும் காரமும் தெரியாவிட்டால் கோழியின் கொழுப்புக்கு எது ஈடு கொடுக்கும்? அன்று மாமனார், பழத்தை வேகவைத்து வீணாக்குவதா என்று எப்போதும் சொல்கிறவர், தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் வை என்றார். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அதே விருந்தில் நடந்த இன்னொன்று இன்னும் ஆறவில்லை. நான் கை கழுவி வருவதற்குள் யாரோ மீதிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஐஸ்கிரீம் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். பழம் என்றால் இனிப்பு மேசை, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நான் பார்க்கும்போது வெண்ணெய் ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. சூடுபண்ணலாம் என்று போனால் அடுப்பு முழுக்கக் குழம்பும் சாறும்தான், ஒரு பர்னர்கூடக் காலி இல்லை. பிரதான உணவு செய்கிறவருக்கு அடுப்பும் கிடைக்கிறது, கடைசியில் கைதட்டலும் கிடைக்கிறது, சைட் டிஷ் செய்கிறவர் மட்டும் ஓரமாக நின்று இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டும். பலர் சேர்ந்து சமைக்கும் இடத்தில் ஒரு பர்னரை முன்கூட்டியே பேசி வாங்கிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மூடி போட்டுத்தான் எங்கள் வீட்டில் செய்வோம், நன்றாகத்தான் வரும் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: வரும், மசித்த ஆப்பிள் வேண்டுமென்றால் அதுதான் சரியான வழி. கேட்டவருக்கு வேண்டியது துண்டு துண்டாக நிற்பது. மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் குழையும், அப்போது காலைக் கஞ்சி மேலே போட்டுச் சாப்பிடுங்கள். கிராம்பை மட்டும் மறக்காமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள், பல்லில் கடிபட்டால் நாக்கு மரத்துப்போய் வேறு எதுவும் ருசிக்காது.