அவன் மனசு எனக்குத் தெரியாதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை பெங்களூரு வாசகர்களின் கடிதங்கள். முக்கால்வாசி பிள்ளைகளைப் பற்றியவை என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் பதிலே இல்லை. என்னை வெறுப்பேற்றத்தான் இப்படிச் செய்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியாதா? இவனால் எனக்கும் அவருக்கும் தினம் சண்டை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்?
— பெயர் வேண்டாம், அல்சூர்

பதில்: உங்கள் கடிதத்தில் ‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்: பை விழுந்தது, கதவு சாத்தியது, பதில் வரவில்லை. வெறுப்பேற்றத்தான் என்பது நீங்கள் போட்ட கணக்கு. அது சரியாகவும் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே பை அதே சத்தத்தோடு விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கன்னடப் பேப்பரில் மார்க் குறைந்து வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்திருப்பார்கள், நேற்றுவரை கூடவே உட்கார்ந்த பையன் இன்றைக்கு வேறு பெஞ்சுக்குப் போயிருப்பான், இல்லையென்றால் பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கிக்கொண்டு ஓல்டு மெட்ராஸ் ரோடு டிராஃபிக்கில் வேனுக்குள் வெந்துபோய் வந்திருப்பான்.

பிள்ளை செய்வதற்குப் பின்னால் ஒரு மனசு இருக்கிறது, அதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கத்தான் முடியும், அந்த ஊகம் தப்பாகவும் போகலாம். இதை நினைவில் வைத்திருப்பதைத்தான் உளவியலாளர்கள் பெற்றோருக்கு வேண்டிய ஒரு தனித் திறனாகவே பார்க்கிறார்கள். பீட்டர் ஃபோனகி என்ற லண்டன் உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை அளக்க 18 வரிகள் கொண்ட ஒரு வினாத்தாளை 2017-இல் வெளியிட்டார்கள். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். பிள்ளை செய்வதற்கெல்லாம் கெட்ட நோக்கம் கற்பிக்கிறோமா, அவன் மனசு நமக்கு எப்போதும் தெரியும் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறோம், அவனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் எவ்வளவு இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, எல்லாம் தெரியும் என்ற முழு உறுதியும் அங்கே ஒரு குறையாகவே வருகிறது. நம் ஊர் அம்மாக்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம், எனக்கும் புரிகிறது. ஆனால் பெற்ற பாசம் வேறு, பிள்ளை மனசைச் சரியாகப் படிப்பது வேறு. முதலாவது நிறைய இருக்கிற வீட்டிலேயே இரண்டாவது இல்லாமல் போகலாம்.

வீட்டுச் சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வெறுப்பேற்றுகிறான் என்று முடிவு செய்ததும் உங்கள் குரல் ஏறுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது, காரணம் கேட்பதில்லை. இப்போது அவனுக்கு நிஜமாகவே வெறுப்பு வருகிறது, அதைப் பார்த்து ‘பார், நான் சொன்னேனே’ என்கிறீர்கள். அப்புறம் ஒன்பது மணிக்கு வேலை முடிந்து களைத்து வருகிற அவர் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் பக்கம் சாய்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே மூன்று பேருடைய சாயங்காலமும் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது என்னவென்றால், வந்தவுடனே எதுவும் கேட்காதீர்கள். சாப்பிட ஏதாவது மேஜையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். பேச்சை நேருக்கு நேர் உட்கார்ந்து ஆரம்பிக்க வேண்டாம், கடைக்குப் போகும்போதோ துணி மடிக்கும்போதோ ஆரம்பியுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், ஊகத்தை ஊகமாகவே சொல்லுங்கள்: “பையைப் போட்ட வேகத்தைப் பாத்தா ஸ்கூல்ல என்னமோ நடந்திருக்குமோன்னு தோணுச்சு. அப்படி இல்லன்னா விடு.” அவன் ‘ஒண்ணுமில்ல’ என்பான். சரி என்று விட்டுவிடுங்கள், குடைய வேண்டாம். நாலைந்து முறை இப்படி விட்ட பிறகுதான், அம்மாவிடம் சொன்னால் உடனே தீர்ப்பு வராது என்ற நம்பிக்கை அவனுக்கு வரும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் வாரக்கணக்கில் மாறிக் கிடந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். செத்துவிடலாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால் வாரமெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

கேள்வி: நாலு வயது மகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, வாயோரம் தூள் ஒட்டியிருக்கும்போதே ‘நான் திங்கலை’ என்கிறாள். இந்த வயதிலேயே இவ்வளவு கள்ளத்தனமா?
— ஒரு அப்பா, ராமமூர்த்தி நகர்

பதில்: கள்ளத்தனம் இல்லை, வளர்ச்சி. தனக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், அப்பா தப்பாகவும் நம்பலாம் என்பது ஏறக்குறைய நாலு வயதை ஒட்டித்தான் குழந்தைக்குப் பிடிபட ஆரம்பிக்கிறது. 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு பேர் இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டுவார்கள், வளர வளரத்தான் அவன் வைத்த இடத்தைக் காட்டுவார்கள். உங்கள் மகள் அந்தப் படியில் நிற்கிறாள். திருடி, பொய்க்காரி என்ற பட்டமெல்லாம் வேண்டாம். “வாயில தூள் இருக்கே, இன்னொண்ணு வேணும்னா கேளு” என்று சொல்லிவிட்டு டப்பாவை மேலே வையுங்கள்.

கேள்வி: மகன் வீட்டில், பெல்லந்தூரில் இருக்கிறேன். மருமகள் பேரனிடம் எதற்கெடுத்தாலும் ‘உனக்குக் கோபமா, வருத்தமா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் நாலு பிள்ளை வளர்த்தோம், இதெல்லாம் கேட்டோமா? குழந்தை கெட்டுப்போகாதா?
— ஒரு பாட்டி

பதில்: அம்மா, நீங்களும் கேட்டிருப்பீர்கள், வேறு விதமாக. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ‘யாரு அடிச்சா, ஏன் அழறே’ என்று கொஞ்சியது அதுதானே. இங்கிலாந்தில் எலிசபெத் மீன்ஸ் என்பவர் ஆறு மாதக் குழந்தைகளோடு அம்மாக்கள் விளையாடும்போது பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார். குழந்தையின் மனசில் ஓடுவதற்குப் பொருத்தமாகப் பேசிய அம்மாக்களின் குழந்தைகள் ஒரு வயதில் அம்மாவோடு பத்திரமான ஒட்டுதலோடு, அதாவது பயந்தால் அம்மாவிடம் போனால் போதும் என்ற நம்பிக்கையோடு, இருப்பது அதிகமாகத் தெரிந்தது. பொருத்தமாக என்பதுதான் இங்கே முக்கியம். பிள்ளை ஆசையாகப் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘உனக்கு போரடிக்குதா’ என்றால் அது அதில் சேராது.

உங்கள் கவலையிலும் நியாயம் உண்டு. ஓயாமல் கேட்டால் எந்தக் குழந்தைக்கும் அலுக்கும். அமெரிக்க ஆய்வாளர் எட் ட்ரோனிக், அம்மாவும் குழந்தையும் சாதாரணமாக இருக்கும் நேரத்தில் சுமார் 30 சதவீதம் மட்டுமே ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிறார்கள் என்று சொன்னவர். மீதி நேரம் தவறுவதும் திருத்திக்கொள்வதும்தான். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் விசாரிக்க வேண்டியதில்லை. மனசைக் கேட்பதால் கண்டிப்பு போய்விடாது என்பதையும் மருமகளோடு பேசுங்கள். “டிவியை அணைச்சதுல கோபம் வருது, தெரியுது, ஆனாலும் இன்னிக்கு அவ்வளவுதான்” என்று ஒரே மூச்சில் சொல்லலாம்.

கேள்வி: என் அப்பா பெல்ட்டால் அடிப்பார். நான் அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தும், பையன் எதிர்த்துப் பேசினால் யோசிப்பதற்கு முன்னால் கை ஓங்கிவிடுகிறது. ரத்தத்திலேயே இருக்கிறதா?
— விவேக் நகர்

பதில்: ரத்தத்தில் இல்லை. இதைக் கேட்டு எழுதியதற்கு உங்களை நான் மதிக்கிறேன். கோபமும் பயமும் உச்சத்துக்கு ஏறும்போது அடுத்தவர் மனசை யோசிக்கும் சக்தி யாருக்குமே அடங்கிவிடுகிறது. உங்களுக்கு அந்த உச்சம் சீக்கிரம் வருகிறது, ஏனென்றால் பையன் குரல் உயர்த்தும்போது உங்களுக்குள் இருக்கிற பழைய பையன்தான் முதலில் பயப்படுகிறான் என்று நினைக்கிறேன்.

முன்னே சொன்ன ஃபோனகி குழுவினர் பிரசவத்துக்கு முன்பே பெற்றோரைப் பேட்டி எடுத்து, குழந்தைக்கு ஒரு வயதானதும் திரும்பப் பார்த்தார்கள். அதில் சின்ன வயதில் ரொம்பக் கஷ்டப்பட்ட அம்மாக்களை மட்டும் தனியாக எடுத்தபோது, தன் மனசையும் பிறர் மனசையும் யோசித்துப் பேசத் தெரிந்த 10 பேரின் குழந்தைகளுமே பத்திரமான ஒட்டுதலோடு இருந்தார்கள். அந்தத் திறன் குறைந்த 17 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி அமைந்தது. சின்னக் கூட்டம்தான், ஆனாலும் உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்: பட்ட அடியைவிட, அந்த அடியைப் பற்றி இன்றைக்கு எப்படி யோசிக்கிறோம் என்பது பெரிதாக இருந்தது.

கை ஓங்கும் முன் உடம்பு காட்டும் அடையாளம் ஒன்று இருக்கும், தாடை இறுகும், காது சுடும். அதைக் கண்டுபிடித்து, “அப்பாவுக்குக் கோபம் வருது, அஞ்சு நிமிஷம் வெளியே போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்குங்கள். சொல்லாமல் போகாதீர்கள், போனால் திரும்பி வாருங்கள். அடித்துவிட்டால் அன்றைக்கே போய், “அடிச்சது தப்பு, நீ பயந்திருப்பே” என்று சொல்லுங்கள். ‘ஆனா நீயும்’ என்று அதோடு சேர்க்க வேண்டாம்.

தனியாகச் சமாளிக்க வேண்டும் என்றில்லை. ஓசூர் ரோட்டில் இருக்கிற மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ் உங்களுக்குப் பக்கம்தான். அதற்கு முன்னால் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.