சீனி வருகிறது, சோம்பு வரவில்லை: லாஞ்சர் ப்ளகினில் தமிழ்த் தேடல்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம். காலையில் போனில் விலை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பில் போடும் சாஃப்ட்வேரில் தேடி எடுப்பதற்குள் அடுத்த போன் வந்துவிடும். அதனால் விண்டோஸில் ஃப்ளோ லாஞ்சர் (கீபோர்டிலிருந்தே எதையும் தேடித் திறக்கும் செயலி) போட்டு, எக்செல் விலைப்பட்டியலில் தேடும் ப்ளகின் (அதோடு சேரும் துணை நிரல்) ஒன்றை பைத்தான் மொழியில் எழுதினேன். ஆல்ட்-ஸ்பேஸ் தட்டி, 'வி' போட்டு, பொருளின் பெயரை அடித்தால் விலை வர வேண்டும். வீட்டு லேப்டாப்பில் ஓடுவது கடை கம்ப்யூட்டரில் ஓட மறுக்கிறது. ஓடும் இடத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கும் திணறுகிறது. சீனி, மிளகு, உளுந்து வருகின்றன. சோம்பு, கோதுமை, பொரிகடலை வரவில்லை. எக்செலில் கண்ணெதிரே இருக்கின்றனவே! பட்டியலைப் படிக்க பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: வராத மூன்று பெயர்களையும் பாருங்கள்: சோ, கோ, பொ. எல்லாம் ஒகர, ஓகார எழுத்துகள். கம்ப்யூட்டர்கள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் இவற்றை இரண்டு விதமாக எழுதலாம். 'சோ'வில் ச-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியாக வரலாம். அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு சொற்கள். உங்கள் பட்டியலை ஒருவர் ஒரு கீபோர்டில் அடித்திருப்பார், நீங்கள் வேறொன்றில் தேடுகிறீர்கள். சீனியில் இந்தச் சிக்கலே இல்லை, அதனால் அது ஒழுங்காக வருகிறது.

மருந்து சின்னதுதான். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பட்டியலில் உள்ள பெயரையும், தேட அடித்த சொல்லையும் அதில் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்ப்பது) மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பாதிப் பொருட்கள் மறுபடி காணாமல் போகும். ஔகாரத்துக்கு மட்டும் இது முழுதாக உதவாது. கவுனி அரிசியை யாராவது 'கௌனி' என்று எழுத நினைத்து, கொம்புக்குப் பின் ள எழுத்தையே தட்டியிருந்தால் நார்மலைஸ் அதைத் தொடாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும். பழைய பட்டியலில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த வரிகள் இருந்தால் அவை யூனிகோடே அல்ல. முதலில் அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஒலிபெயர்ப்பு கீபோர்டில் 'சோம்பு' அடிக்கும்போது, கடைசி உகரத்துக்கு முன் ஒரு கணம் 'சோம்ப்' என்று நிற்கும். லாஞ்சர் ஒவ்வொரு எழுத்துக்கும் ப்ளகினைக் கேட்பதால், அந்தக் கணத்தில் 'எதுவும் இல்லை' என்று பதில் போகும். அடுத்த தட்டலில் சோம்பு திரும்பி வரும். பட்டியல் மின்னி மின்னி மறைவது இதனால்தான். தேடும் சொல்லின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை வெட்டிவிட்டுத் தேடுங்கள். 'சோம்ப' என்று தேடினாலும் 'சோம்பு' கிடைக்கும், ஏனென்றால் உகரக் குறி ப-வுக்குப் பின்னால் தனியாகத்தான் சேமிக்கப்படுகிறது. தமிழ்99 அடிப்பவர்களுக்கு அகரமேறிய எழுத்தே முதலில் வரும், அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கடைசி உயிர்க்குறியையும் வெட்டலாமா என்று தோன்றும். செய்யலாம், ஆனால் தேவையில்லாத பெயர்கள் நிறைய வந்து நிற்கும். நான் புள்ளியோடு நிறுத்திக்கொள்வேன்.

சரி, திணறலுக்கு வருவோம். ஃப்ளோவின் பழைய பைத்தான் முறையில், நீங்கள் ஒரு எழுத்து அடித்தால் பைத்தான் புதிதாகக் கிளம்பி, பதிலை ஜேசான் என்ற தரவு வடிவத்தில் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும். அடுத்த எழுத்துக்கு மறுபடி முதலிலிருந்து. ஆள் வரும்போதெல்லாம் ஷட்டரைத் தூக்கி, போனதும் இறக்குகிற கதை. இதில் பாண்டாஸையும் ஏற்றி எக்செலையும் பிரித்துப் படித்தால் திணறாமல் என்ன செய்யும்? பாண்டாஸ் நல்ல கருவி, ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டாம். எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) என்று சேமித்து, பைத்தானின் சொந்த சிஎஸ்வி மாட்யூலில் படியுங்கள். ஓர் எச்சரிக்கை: எக்செல் அந்த ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை வைக்கும். சாதாரண யூடிஎஃப்-8 என்று திறந்தால் முதல் நெடுவரிசையின் தலைப்போடு அந்தக் குறியும் ஒட்டிக்கொண்டு வரும். 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்துத் திறந்தால் தொல்லையில்லை.

அதற்கும் மேல் வேகம் வேண்டுமானால், ப்ளகின் விவர ஃபைலில் மொழியை 'பைத்தான்_வி2' என்று குறிப்பிடும் புதிய முறைக்கு மாறலாம். அதில் ப்ளகின் மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதும் முறை கொஞ்சம் மாறும். உங்களைப் போன்ற கடைப் பட்டியலுக்கு சிஎஸ்வியே போதும் என்பது என் கணிப்பு. பழைய முறையில் ஒரு லாபமும் உண்டு: ஒவ்வொரு முறையும் ஃபைலைப் புதிதாகப் படிப்பதால் காலையில் மாற்றிய விலை உடனே வந்துவிடும். வி2-வுக்குப் போனால் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, மாறியிருந்தால் மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நேற்றைய விலையைச் சொல்லி மூட்டைக் கணக்கில் சரக்கை அனுப்பிவிடுவீர்கள். எந்த முறையானாலும் பதிலின் கீழே வரும் துணைத் தலைப்பில் பட்டியல் மாறிய தேதியைக் காட்டுங்கள்.

கடை கம்ப்யூட்டரில் ஓடாததற்குப் பெரும்பாலும் காரணம் பைத்தான் நிறுவலே. அங்கே பைத்தான் இல்லாததால் ஃப்ளோ தனக்கென்று ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் வீட்டில் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) வழியாகப் போட்ட பாண்டாஸ் அதற்குத் தெரியாது. பாண்டாஸை நீக்கினால் பாதி தீர்ந்தது. வெளியிலிருந்து வேறு எது எடுத்திருந்தாலும், பிப்பின் டார்கெட் வசதியால் ப்ளகின் ஃபோல்டருக்குள்ளேயே 'லிப்' என்று ஒரு ஃபோல்டரில் இறக்கி, நிரலின் முதல் வரிகளில் அந்தப் பாதையைச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோகலாம்.

சோதனைக்காக நிரலில் பிரிண்ட் கட்டளை போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஃப்ளோ பதிலை வாங்குவது பிரிண்ட் எழுதும் அதே வழியில்தான். ஜேசானுக்கு நடுவில் உங்கள் வரி நுழைந்தால் மொத்தப் பதிலும் கெட்டுப்போகும். பார்க்க வேண்டியதை லாக் ஃபைலில் எழுதுங்கள்.

அப்புறம், பட்டியலில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, போன் எடுக்கும் பையன்கள் அடிக்கிற பெயர்களையெல்லாம் போட்டுவையுங்கள்: சீனிக்குச் சர்க்கரை, பொரிகடலைக்குப் பொட்டுக்கடலை, ஆங்கில எழுத்தில் அடிப்பதும் சேர்த்து. அவசரத்தில் கீபோர்டை மாற்ற யாருக்கும் நேரமிருக்காது. கொள்முதல் விலை நெடுவரிசையை மட்டும் சிஎஸ்விக்குக் கொண்டுவராதீர்கள். கல்லாப்பெட்டி மானிட்டர் பாதி நேரம் வாடிக்கையாளர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.