கல்லணைக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்க

கேள்வி: ஜூன் 12 மேட்டூர் தொறப்பாங்களா மாட்டாங்களான்னு தவிக்கிறதே பொழப்பா போச்சு சார், நாத்து விடறதா வேணாமா, எதுவுமே நிச்சயமில்லாதப்ப மூளை எப்படி வேலை செய்யும்?
(வாசகர், திருவையாறு)

பதில்: மணல் எவ்ளோ ஆழம்னே தெரியாத ஆத்துலதான் கல்லணை கட்டுனாங்க. பெரிய பாறையா போட்டாங்க, அடியில மணல் அரிச்சு அது உள்ள எறங்க எறங்க மேல இன்னொன்னு, நடுவுல களிமண்ணு, ஒரு கட்டத்துல எறங்கறது நின்னுச்சு, அதான் அஸ்திவாரம்! 1830கள்ல இங்கிலீஷ்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் இதப் பாத்துக் கத்துக்கிட்டுதான் முக்கொம்புல மேலணை கட்டுனாரு. நாகப்பட்டினம் பக்கம் ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைல புழுதி வெதைப்பும், நிச்சயம் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கற இதே கதைதான், காஞ்ச மண்ணுல வெதைச்சுட்டு மழைக்குக் காத்திருப்பாங்க. போர்வெல் இல்லேன்னா இப்ப போடற குறுவை நெல்ல விட்டுட்டு அடுத்து வர்ற சம்பா நெல்லுக்குப் போங்கம்பேன், ஆனா நான் பேனா புடிக்கிறவன், வீட்ல பெரியவங்களயும் கேட்டுக்குங்க.