கேளுங்கள், சொல்கிறோம்: தேர்தல் அறிக்கையும் வெளிநாட்டு உதவியும்

'மீனவர் பிரச்சினை தீரும்வரை இலங்கைக்கு உதவி கிடையாது' என்று ஒரு மாநிலக் கட்சி அறிக்கையில் எழுதினால், ஜெயித்தபின் அதைச் செய்ய முடியுமா?
– வாசகர், காசிமேடு

முடியாது. வெளியுறவு, அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலக் கட்சி அதிகபட்சம் 'மத்திய அரசை வலியுறுத்துவோம்' என்றுதான் எழுதலாம். நிறுத்துவது கிடக்கட்டும், கொடுப்பதற்கே டெல்லியின் அனுமதி வேண்டும். பொருளாதார நெருக்கடியில் இருந்த இலங்கைக்கு உதவ 2022 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, 80 கோடி ரூபாய்க்கு 40,000 டன் அரிசி, 28 கோடிக்கு மருந்து, 15 கோடிக்கு 500 டன் பால் பவுடர் என்று தமிழக அரசு ஒதுக்கியது. மத்திய அரசு தலையாட்டிய பிறகுதான், மே 18 அன்று 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. கொழும்பில் அதை ஒப்படைத்ததும் இந்தியத் தூதரகம் வழியாகத்தான்.

'அண்டை நாடுகளுக்கு உதவியைக் கூட்டுவோம்' என்று சொன்ன கட்சி நிஜமாகவே கூட்டியதா என்று எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகி, வியாசர்பாடி

மத்திய பட்ஜெட் இணையதளத்தில் செலவினப் பகுதிக்குப் போய், வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை (அமைச்சகம் தன் செலவுக்கு நாடாளுமன்றத்தில் பணம் கேட்கும் ஆவணம்) இறக்கிக்கொள்ளுங்கள். பூட்டான், நேபாளம், மாலத்தீவு, இலங்கை என்று நாடுவாரியாகப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் நேரே நான்கு கட்டங்கள்: போன ஆண்டின் உண்மைச் செலவு, இந்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு.

கோட்டை விடுவது இங்கேதான். 2024-25 பட்ஜெட்டில் பூட்டானுக்கு ஒதுக்கியது சுமார் 2,069 கோடி ரூபாய். திருத்தத்தில் அது 2,543 கோடி ஆனது. 2025-26க்கு 2,150 கோடி. முதல் தொகையோடு வைத்துப் பார்த்தால் கூட்டியிருக்கிறார்கள், இரண்டாவதோடு பார்த்தால் வெட்டியிருக்கிறார்கள். மேடையில் பேசுகிறவர் தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்வார். நீங்கள் உண்மைச் செலவை உண்மைச் செலவோடு மட்டும் ஒப்பிடுங்கள். மார்ச்சில் முடியும் ஆண்டின் உண்மைச் செலவு அடுத்த பிப்ரவரி பட்ஜெட்டில்தான் வரும் என்பதால், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இன்னொரு சங்கதி. மத்திய அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி வழியாகத் தரும் கடன் இந்தப் பட்டியலில் வராது. 2022இல் இலங்கைக்கு இந்தியா கொடுத்த சுமார் 400 கோடி டாலரில் பெரும்பகுதி மானியமே அல்ல. உணவு, மருந்து வாங்க ஸ்டேட் வங்கியின் 100 கோடி டாலர் கடன், எரிபொருளுக்கு எக்சிம் வங்கியின் 50 கோடி, ரிசர்வ் வங்கியின் 40 கோடி நாணயப் பரிமாற்றம் (பின்னர் திருப்பித் தர வேண்டிய டாலர்) என்று அது பல வழிகளில் போனது. அமைச்சகப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் அந்தப் பணம் கண்ணிலேயே படாது.

வெளிநாட்டுக் கட்சிகள் இதற்கு எண் போட்டே வாக்குறுதி தருகின்றனவாமே?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

பிரிட்டனில் தருகிறார்கள். வெளிநாட்டு உதவிக்குத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்பது 1970இல் ஐ.நா. வைத்த இலக்கு. 2015இல் அதை அங்கே சட்டமாகவே ஆக்கினார்கள். 2019 அறிக்கையில் கன்சர்வேட்டிவ் கட்சி அதைக் காப்போம் என்றது, 2021இல் 0.5 ஆகக் குறைத்தது. சட்டம் தடுக்கவில்லையா என்றால், இலக்கு தவறினால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. 2024 அறிக்கையில் லேபர் கட்சி 'நிதிநிலை இடம் கொடுத்ததும்' 0.7க்குத் திரும்புவோம் என்றது. அந்த மூன்று சொல்லில்தான் சூட்சுமம். 2025 பிப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர், ராணுவச் செலவுக்காக 2027க்குள் 0.3க்கு இறக்கப்போவதாக அறிவித்தார்.

எண் இருந்தாலும் அதற்குள் எதைச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். நாட்டுக்குள் வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் ஆகும் செலவையும் உதவிக் கணக்கில் எழுத சர்வதேச விதி இடம் தருகிறது. 2023இல் பிரிட்டனின் உதவித் தொகையில் 28 சதவீதம் அப்படி உள்ளூரிலேயே செலவானது.

எங்கள் பக்கம் நடக்கும் மழைநீர் வடிகால் வேலையை 'வெளிநாட்டு உதவியால் கொண்டுவந்தோம்' என்று நோட்டீசில் போடுகிறார்கள். இனாமாகவா வந்தது?
– வாசகர், திருவொற்றியூர்

இனாம் இல்லை, கடன். கொசஸ்தலையாறு வடிநில வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி தருவது 25.1 கோடி டாலர். மாநிலம் நேரடியாக வெளிநாட்டில் கடன் வாங்க சாசனத்தின் 293ஆவது பிரிவு இடம் தரவில்லை. மத்திய அரசு வாங்கி, அதே நிபந்தனையோடு மாநிலத்துக்கு மாற்றிவிடும். டாலர் ஏறினால் கூடுதல் சுமையும் மாநிலத்தின் தலையில்தான். நோட்டீசு கொடுப்பவரிடம் வட்டி எவ்வளவு, எந்த ஆண்டுவரை கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாத அறிக்கை மீது புகார் தரலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

தரலாம். தமிழ்நாட்டு இலவசங்கள் பற்றிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில், நிதிக்கு வழி என்ன என்பதை மேலோட்டமாகவாவது காட்ட வேண்டும் என்று தேர்தல் நடத்தை விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த விதிகள் சட்டம் இல்லை. இதற்காக ஓர் அறிக்கையை ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்குக் கிடையாது.